எந்தப் பக்கம் சுற்றியது?

எங்கள் ஆய்வுக்கூடத்து நடையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. பேட்டரி தீர்ந்து இரண்டு நாளாகப் பத்தேகாலிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அக்கா அதன் கீழே நின்று தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"என்ட மணிக்கூடு பிழையாய் ஓடுது பிள்ளை. இதில பத்தேகால். என்னதில பன்னிரண்டரை."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கேண்டீனில் சோற்றுக்கு வரிசை நிற்கிறது, இவர் என்னடாவென்றால் செத்த கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்துகிறார். "அது ஓடலக்கா" என்றேன். "ஓ" என்றவர், "நான்தான் வடிவாய்ப் பாக்கேல்லை" என்று மறுபடி திருகி வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் இவர் ஆஸ்திரேலியாவில் பௌதிகம் படித்து டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர் என்று சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

அக்கா அப்படித்தான். உலகத்தில் எல்லாரையும் நம்புவார், தன்னைத் தவிர. பாசாரில் மீன்காரன் "இன்னிக்குப் பிடிச்சதுக்கா" என்றால் நாறுகிற மீனை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் "எனக்கு மணம் பிடிக்கிறது சரியில்லைப் போல" என்பார். யாரோ அவருடைய குடையை எடுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவனிடமும் அதே மாதிரிக் குடை இருக்கும், தான்தான் குழம்பியிருப்பேன் என்று நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். காலை மிதித்தவனிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். "டாக்டர்" என்று கூப்பிட்டால், பின்னால் யாரோ டாக்டர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார். அதனால் நான் அக்கா என்றே கூப்பிட்டேன். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர்.

எனக்கு அங்கே உதவியாளர் வேலை, ஒப்பந்தத்தில். பினாங்குப் பாலம் திறந்த புதிது அது. பினாங்குத் தீவில் எந்த ஆய்வுக்கூடம் என்று சொல்லப்போவதில்லை. பம்பைப் போடுவேன், அளவு படிப்பேன், துடைப்பேன். குறிப்பேட்டில் நான் படித்துச் சொல்கிற எண்களை அக்கா பேனாவால் எழுதுவார். தான் பார்த்த எண்களைப் பென்சிலால் எழுதுவார். "ஏன்க்கா?" என்று கேட்டால், "அழிக்கிறதெண்டால் லேசாயிருக்கும்" என்பார். இதைப் பணிவு என்பதா, நோய் என்பதா? எனக்கு அன்றும் விளங்கவில்லை. இன்றும் சரியாக விளங்கவில்லை.

எங்கள் யந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்குத் தெரிந்த அளவுதான் சொல்வேன். பெரிய தர்ப்பூசணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை. வெளியே செம்புக் கம்பிச் சுருள்கள், நானும் அக்காவும் கையால் சுற்றியவை. குடுவைக்குள் காற்றை உறிஞ்சிவிட்டுத் துளி ஹைட்ரஜனை விட்டு, ரேடியோ அலையைக் கொடுத்தால் கண் இமைக்கும் நேரம் ரோஜா நிறத்தில் ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. அதைப் போதுமான சூட்டில் கட்டிப்போட முடிந்தால் சூரியனுக்குள் நடப்பதை மனுஷன் இங்கேயே நடத்தலாமாம். கட்டிப்போடுவதுதான் பெரும்பாடு. சுவரில் பட்டால் குளிர்ந்துவிடும். படாமல் நடுவில் நிற்க வேண்டுமென்றால் அதற்குள்ளேயே மின்சாரம் வளையமாய்ச் சுற்ற வேண்டும். சுற்றினால் அதுவே தனக்கொரு காந்த வேலி போட்டுக்கொள்ளும். பணக்கார நாடுகளில் இதற்குக் கட்டடம் கட்டடமாய் யந்திரம் வைத்திருந்தார்கள். நாங்கள் மேசைமேல் வைத்திருந்தோம்.

அந்த மின்சாரத்தை எப்படிச் சுற்ற வைப்பது? அக்கா அதைக் கேண்டீனில் கோப்பிக் குவளையை வைத்து விளக்கினார். அடியில் தங்கியிருந்த பாலைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"எங்கட கரண்டி, சுத்துற காந்தம். கரண்டி சுத்துற பக்கம்தான் கோப்பியும் சுத்தும். மற்றப் பக்கம் கலக்கினால் கோப்பியும் மற்றப் பக்கம் சுத்தவேணும். சுத்தாட்டி?"

"சுத்தாட்டி என்னக்கா?"

"சுத்தாட்டி உள்ளுக்குக் கோப்பியே இல்லை. நான் ஏதோ கனவு கண்டிருக்கிறன்."

பயமெல்லாம் அந்தக் கனவைப் பற்றித்தான். மின்சாரம் சுற்றினால் ஆசிலோஸ்கோப்புத் திரையில் கோடு எழும்பும். ஆனால் ரேடியோ அலை அளக்கிற வயருக்குள் புகுந்துகொண்டாலும் கோடு எழும்பும், பொய்க்கோடு. நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, கரண்டியை மறுபக்கம் சுற்றிப் பார்ப்பது. அது கஷ்டமே இல்லை. அடுத்த அறையிலிருந்து சுவரைத் துளைத்து இரண்டு கேபிள்கள் வரும். ஒன்றில் வெள்ளை டேப், ஒன்றில் கறுப்பு டேப். மேசையில் அதே நிறத்தில் இரண்டு துளைகள். கேபிள்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகினால் காந்தம் எதிர்ப்பக்கம் சுற்றும். கோடும் தலைகீழாக வர வேண்டும்.

ஒரு நாள் கோடு எழும்பியது. எழும்பி, அலை கொடுத்த நேரம் முழுவதும் அப்படியே நின்றது. நான் துள்ளிக் குதித்தேன். உடனே படம் கையில் வருகிற கேமராவால் படம் எடுத்தோம். அக்கா அதைக் காயும்வரை விசிறிக்கொண்டே, "பிழையாய்த்தான் இருக்கும்" என்றார். எனக்கு வந்த கோபம் இருக்கே! "ஒரு தடவையாவது சந்தோசமா இருங்களேன்க்கா" என்று கத்தியேவிட்டேன். அவர் என்னைப் பயந்து பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்க முயற்சி செய்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதே கேபிள்களை மாற்றிச் செருகிப் பார்த்திருக்கலாம். ஆனால் அடுத்த அறையில் அலை கொடுக்கிற பெட்டிக்குள் இருந்தது பழைய வால்வு, அந்தக் காலத்து ரேடியோவில் மினுங்குமே, அதே ஜாதிக் கண்ணாடிக் குழல். ஒலிபரப்புக் கோபுரத்தில் உழைத்து ஓய்ந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுள் குறைந்துகொண்டிருந்தது. புதிது வாங்க மேலிடம் சம்மதிக்க வேண்டும். மேலிடத்திலிருந்து மூன்று பேர் கோலாலம்பூரிலிருந்து வந்து, இந்த ஆய்வு நடக்கலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு செய்வதாக இருந்தது. "அவை பாக்கட்டும்" என்றார் அக்கா. "நான் தனியப் பாத்தால் என்னை நானே நம்பமாட்டன். நாலு பேர் பாத்தால் நம்பலாம்." வால்வை அந்த நாளுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அக்காவின் வேலையும் என் வேலையும் அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது.

சும்மா இருப்பேனா நான்? வீட்டில் அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் என் கணவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிறோம். எங்களுக்குச் சோறு போடுகிற யந்திரத்துக்கு வைக்காமல் விடுவதா? துறைத்தலைவர் சீனர், நல்ல மனிதர். "புகை மட்டும் வேண்டாம்" என்று அனுமதி கொடுத்தார். முதல் நாளே துடைக்க ஆரம்பித்தேன். குடுவை, பம்பு, சுருள் எல்லாம் பளபளவென்று ஆனபிறகு அந்தக் கறுப்பு டேப் கண்ணை உறுத்தியது. பிசுக்கேறி நுனி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பூஜையும் அதுவுமாகக் கறுப்பா? அந்த வெள்ளை மட்டும் என்ன வாழ்ந்தது? இரண்டு கேபிள்களையும் கழற்றி, பழைய டேப் எல்லாவற்றையும் உரித்துப் போட்டேன். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள், துளைகளுக்கும் அதேபோல. குங்குமமும் மஞ்சளுமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மகராசி, என்ன மூளை பாருங்கள்!

நடுவில் ஒன்று நடந்தது. எதிர் அறை அடுப்பில் மறுநாள் பூஜைக்கான கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. பொங்கி வழிகிற சத்தம் கேட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது இரண்டு கேபிள்களும் டேப் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எது வெள்ளை, எது கறுப்பு? இதுதான் என்று கை ஒன்றை எடுத்தது. ஒட்டினேன், செருகினேன். சந்தேகம் வந்ததா, வரவில்லையா? அதைத்தான் இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பூஜைக்கு அக்கா பட்டுச்சேலையில் வந்தார். புது டேப்பைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்றார். கடலையை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான்தான் உப்பை அள்ளிப் போட்டிருந்தேன். "என்ட நாக்குக்கு இண்டைக்கு உப்பாய் இருக்கு" என்றார்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை, ஒருவர் வந்ததிலிருந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். முதலில் வழக்கம்போல் சுற்றும், கோடு மேலே வரும், படம் அறிக்கையில் இருக்கிறது. பிறகு மாற்றிச் செருகுவோம், கோடு கீழே வரும். வந்தால் நிஜம். பம்பின் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது. நான் பொத்தானை அழுத்தினேன். குடுவை ரோஜா நிறத்தில் மின்னி அணைந்தது.

கோடு கீழே வந்தது.

நெட்டை மனிதர் அறிக்கையில் இருந்த படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா மேசைக்கு வந்து கேபிள்களைப் பார்த்தார். சிவப்பில் சிவப்பு, மஞ்சளில் மஞ்சள். "இன்னொருக்கா" என்றார். அழுத்தினேன். மறுபடியும் கீழே. அறிக்கையில் இருந்த அதே உயரம், ஆனால் தலைகீழாக. அப்போது என் பக்கம் திரும்பி, மெல்லத் தமிழில் கேட்டார்.

"பிள்ளை, டேப் மாறாமல்தானே ஒட்டினனீர்?"

"ஆமாக்கா."

உடனே சொன்னேன். கேள்வி முடிவதற்குள் சொன்னேன். ஏன்? அந்த மூன்று பேரும் என்னையே பார்த்தார்களே, அதனாலா? பூஜை, குங்குமம், கடலை என்று கதை வெளியே வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயத்தாலா? இல்லை, சரியாகத்தான் ஒட்டினேன் என்று நிஜமாகவே நம்பினேனா? மூன்றுமே இருந்திருக்கலாம். எது எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

எந்தக் கேபிள் எது என்று மீட்டரை வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை. அக்கா பார்க்கவில்லை. நான்தான் சொல்லிவிட்டேனே. தலையை ஆட்டிவிட்டு, "சரி, மூன்றாவது தடவை மாற்றிச் செருகிப் பார்ப்போம்" என்று அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மாற்றிச் செருகினார். நான் அழுத்தினேன். அடுத்த அறையில் பட்டென்று ஒரு சத்தம். கருகல் வாடை. வால்வு போய்விட்டது. குடுவை மின்னவே இல்லை.

கைக்குட்டைக்காரர் நல்லவர். புது வால்வு வாங்கித் தந்தால் மறுபடி செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். துறைத்தலைவர் அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு "முடியும்" போதும். அக்கா சொன்னார்: "ஒன்றையுமே மாற்றாமல் கோடு தலைகீழாக வந்தால் அது மின்னோட்டம் இல்லை, வெறும் இரைச்சல். நான் பார்த்தது தவறு. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். நான் நம்பாத ஒன்றுக்கு உங்களிடம் வால்வு கேட்க மாட்டேன்." குரல் நடுங்கவே இல்லை. தன்மேல் பழி போடும்போது மட்டும் அவருக்கு அப்படியொரு உறுதி வரும்.

நாலே மாதத்தில் மூடிவிட்டார்கள். குடுவையை யாரோ எடுத்துப் போனார்கள், செம்பைப் பழைய சாமான்காரன் எடைக்கு வாங்கினான். அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போகிற அன்று என்னிடம், "உம்மட வேலையையும் கெடுத்துப்போட்டன் பிள்ளை, குறை நினைக்காதையும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் அழுதேன். அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் ஓர் இடைநிலைப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போனார். நான் பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். வருஷம் தவறாமல் தீபாவளிக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வரும்.

மூன்று தீபாவளி போயிருக்கும். தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்குப் பெரிய காற்றாடி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள், சூட்டை வெளியே தள்ளுவதற்கு. போட்டதும் அது வெளிச்சூட்டையெல்லாம் உள்ளே இழுத்து எங்கள் முகத்தில் அடித்தது. வயர்மேன் அண்ணன் ஏணியில் ஏறினார்.

"என்னண்ணே, காத்தாடி கெட்டுப்போச்சா?"

"கெடல லா. ரெண்டு வயர மாத்திக் குடுத்துட்டானுங்க. அதான் மறுபக்கம் சுத்துது. காத்தாடி நல்லாத்தான் இருக்கு."

வயர்களை மாற்றினார். சூடு வெளியே போனது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கோடு தலைகீழாக வந்தது. அதே உயரத்தில் வந்தது. நான் டேப்பை மாற்றி ஒட்டியிருந்தால், அக்கா நாலு பேர் முன்னால் காட்ட நினைத்தது அன்று முதல் தடவையிலேயே நடந்துவிட்டது. அந்தக் குடுவைக்குள் மின்சாரம் நிஜமாகவே சுற்றியிருக்கிறது. அதைப் பொய் என்று சொல்லிவிட்டுப் போனார், பாவி நான் சொன்ன ஒரு வார்த்தையால்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரிப் படகில் அக்கரைக்குப் போய், பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்தேன். அட்டையில் இருந்த முகவரியைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அக்கா வாசலுக்கு வந்து, "எட, நீரோ! வாரும், வாரும். தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார். மேசையில் பிள்ளைகளின் நோட்டுகள் அடுக்கியிருந்தன. தேத்தண்ணி வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. நின்றபடியே கொட்டிவிட்டேன். கடலை பொங்கியதை, டேப் உரித்ததை, காற்றாடியை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"டேப்பை நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்க்கா. நீங்க கண்டது உண்மைக்கா. என்னை மன்னிச்சிருங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"அப்பிடியெண்டால்... முதல் படத்தில மேல. பிறகு கீழ. ரெண்டும் ஒரே உயரம். இரைச்சலெண்டால் ஒரே உயரத்தில வராதே! பிள்ளை, அது சுத்தியிருக்கு! உண்மையாய்ச் சுத்தியிருக்கு!"

அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. வெட்கத்தை விட்டுக் கையைத் தட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. நான் வந்தது நல்லதாய்ப் போயிற்று, சாமி, என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கேட்டார், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு.

"நிச்சயமாய்த் தெரியுமோ? மாத்தித்தான் ஒட்டினனீரோ?"

வாயைத் திறந்தேன். "ஆமா" என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அந்த இரண்டு கேபிள்களும் என் கண் முன்னால் தொங்கின. எது வெள்ளை, எது கறுப்பு? கை எடுத்தது எதை? எனக்குத் தெரியாது. காற்றாடியைப் பார்த்து நானாகக் கணக்குப் போட்டதுதானே தவிர, மாற்றி ஒட்டியதை நான் பார்க்கவில்லை. இதெல்லாம் ஓடி முடிய எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு. அதற்குப் பிறகு சத்தமாகவே சொன்னேன்.

"ஆமாக்கா. மாத்தித்தான் ஒட்டினேன்."

அக்கா என் கைகளை விட்டுவிட்டார். கோபமே இல்லை. முகத்தில் அந்த வெளிச்சம் மட்டும் இல்லை.

"உமக்குத் தெரியாது பிள்ளை" என்றார். "எனக்கு ஆறுதலாய் இருக்கட்டும் எண்டு இவ்வளவு தூரம் வந்து சொல்லுறீர். நல்ல மனசு உமக்கு."

"சாமி சத்தியமாக்கா!"

"சத்தியம் பண்ணாதையும்."

எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். என் பிள்ளைகள் எந்த வகுப்பு, மாமியாருக்கு உடம்பு எப்படி என்றெல்லாம் விசாரித்தார். பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்து, ஏறும்வரை நின்று கையாட்டினார். வழியெல்லாம் எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. யோசிக்க வேண்டிய அன்று யோசிக்காமல் சொன்னேன். யோசிக்கக் கூடாத இன்று யோசித்துத் தொலைத்தேன். வாழ்நாளெல்லாம் எல்லாரையும் நம்பிய மனுஷி என்னை மட்டும் ஏன் அன்று நம்பவில்லை? என்னை நம்பினால் தன்னையும் நம்ப வேண்டியிருக்குமே, அதனாலா? அல்லது டேப் மாறியது அன்றே அவருக்குத் தெரிந்திருந்து, அந்த மூன்று பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாரா? அப்படியென்றால் அந்தக் கண்ணீர் எதற்கு? ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்கப்புறம் இரண்டு அட்டைகள் வந்தன. மூன்றாவது வரவில்லை. தம்பியோடு கனடாவுக்குப் போய்விட்டார் என்று ஒருவரும், காலமாகிவிட்டார் என்று ஒருவரும் சொன்னார்கள். இப்போது யாராவது வந்து, மாற்றித்தான் ஒட்டினாயா என்று கேட்டால் ஒரு மூச்சுகூட விடாமல் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நின்றபடி சொல்வேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்க வேண்டியவர் கேட்டு முடித்துவிட்டார்.